அம்மனுக்கு முதுகு காட்டாதவள்

"மேடம், இந்த வீடியோவைப் பாருங்க. நானே எடுத்தது. அப்புறம் சொல்லுங்க யாரு நொண்டின்னு."

சூப்பர்வைசர் ராஜமாணிக்கம், எச்.ஆர். பிரேமாவின் மேஜையில் போனை வைத்தார்.

வீடியோவில் கவரைப்பேட்டைப் பக்கத்து ஊர் ஒன்றின் ஆடித் திருவிழா. அம்மன் ஊர்வலம் வருகிறது. அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால், கற்பூரத் தட்டோடு ஒருத்தி பின்பக்கமாகவே நடந்து வருகிறாள். கால் தடுமாறவில்லை, தட்டு ஆடவில்லை.

அந்த ஒருத்தி கல்பனா. இப்போது மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். வலது காலைத் தரையில் இழுத்து இழுத்துத்தான் இந்த அறைக்குள் வந்திருந்தாள்.

போன வருடம் கம்பெனி பஸ் கவிழ்ந்ததிலிருந்து இந்தக் கால்தான். எலும்பு முறியவில்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். அதற்கு உலை வைக்கத்தான் இந்த வீடியோ.

"சாமி முன்னாடி ஜோரா நடக்குது, கம்பெனிக்குள்ள வந்தா இழுக்குதா? அவனவன் ஷிப்ட் பூரா நின்னுக்கினே வேலை செய்றான். இந்தம்மாவுக்கு மட்டும் இன்னாத்துக்கு நாற்காலி?"

பிரேமா நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா கல்பனா, இது நீதானே?"

"நான்தான் மேடம். மறைக்கலியே. பின்னால போனா கால் வருது, முன்னால போனா வரமாட்டேங்குது. பஸ் கவுந்ததுலேர்ந்து மூளை சொல்ற சேதி காலுக்குப் போய்ச் சேராம வழியிலயே மாட்டிக்குதாம். பின்னால நடக்கிறதுக்கு சேதி வேற வழியில போகுதாம், அங்க மாட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு."

"கதை நல்லாக்கீது," என்று சிரித்தார் ராஜமாணிக்கம்.

கல்பனா கதவு வரைக்கும் பின்பக்கமாகவே விறுவிறுவென்று நடந்து காட்டினாள். அங்கிருந்து முன்னால் வந்தாள். கால், யாரோ கட்டிவிட்ட மூட்டை மாதிரி கூடவே இழுபட்டு வந்தது. மேஜைக்கு வருவதற்குள் வியர்த்துவிட்டது.

"நடிக்கிறவளா இருந்தா ஊரே பாக்க நடப்பேனா சார்? ஊட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருப்பேன். எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் அனுப்புங்க, வரேன். ஆனா நாற்காலிய விடமாட்டேன்."

"அதே பஸ்லதானேம்மா நானும் இருந்தேன்? எனக்குந்தான் ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. மறுநாளே பைக்க எடுத்துக்கினு டூட்டிக்கு வந்தேன். எல்லாம் மனசும்மா. தைரியம் வேணும்," என்றார் ராஜமாணிக்கம்.

பிரேமா பஞ்சாயத்தை முடித்தார். "இன்னைக்கே டவுன்ல நம்ம கம்பெனி டாக்டர்கிட்ட காட்டிடலாம். அவர் சொல்றதுதான் முடிவு. பஸ் வாசல்ல நிக்குது. ராஜமாணிக்கம், நீங்களும் கூடப் போங்க."

"நான் பைக்ல வந்துடறேன் மேடம்."

"வெளியில மழை கொட்டுது. பஸ்லயே போங்க."

கல்பனா பஸ் படியருகே போய்த் திரும்பி நின்றாள். கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாகவே ஏறினாள். தினமும் அப்படித்தான் ஏறுகிறாள். தினமும் யாராவது சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

ராஜமாணிக்கம் வந்து கம்பியைப் பிடித்தார். காலைத் தூக்கினார். படி வரை போன கால் மறுபடி தரைக்கே வந்தது. இன்னொரு தடவை தூக்கினார். ஊகூம்.

டிரைவர் ஹாரன் அடித்தார். ராஜமாணிக்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டுகிற மழையில், முகமெல்லாம் வெளிறி, அப்படியே நின்றார்.

விபத்துக்குப் பிறகு இந்த மனிதரை ஒருநாள்கூட பஸ்ஸில் பார்த்ததில்லை என்பது கல்பனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவளிடமும் போன் இருந்தது. அதிலும் வீடியோ எடுக்கலாம்.

போனைத் தொடவில்லை. படியில் குனிந்து கையை நீட்டினாள்.

"திரும்பி நின்னு பின்னால ஏறுங்க சார். எவனாவது சிரிச்சா நான் பாத்துக்கிறேன்."