கயிறு யார் கையில்

"இதைவிடக் கனமான கல் இல்லையா, அண்ணாச்சி?" என்று கேட்டாள் டயானா.

படகுக்காரர் வில்பிரட் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏளா, இதுவே ஆளை விறுவிறுன்னு கீழ கொண்டுபோயிரும். இதுக்கு மேல எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா இல்லை. அந்தக் கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கப் போகிறவன் ஜெர்சன். அவன் அப்படியே அடியில் கிடக்கட்டும் என்று அவள் மனதாரச் சபித்த நாட்கள் உண்டு.

டயானா எந்தக் கேலரியையும் சாராமல், கலைக் கண்காட்சிகளைத் தானே அமைத்து நடத்தும் க்யூரேட்டர். முதல் கண்காட்சிக்காக, முத்தும் சங்கும் குளித்த தன் அப்பாவைப் பேசவைத்து வருஷக்கணக்கில் பதிவு செய்தாள். கூட வேலை செய்த ஜெர்சன் அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போய், 'என் அப்பா முத்துக் குளித்தவர்' என்று வெளிநாட்டில் தன் பெயரில் காட்டிப் பெரிய ஆளாகிவிட்டான். அவன் அப்பா நாசரேத்தில் கணக்கு வாத்தியார். கடலில் கால் நனைத்ததுகூடக் கிடையாது.

டயானா உண்மையைச் சொன்னபோது பொறாமைக்காரி என்றார்கள். தெரிந்த கேலரிகளெல்லாம் கதவைச் சாத்தின. "என் கதையை எவனோ அவன் அப்பன் கதைன்னு சொல்லுதானாமே" என்று கேட்டுக் கேட்டே அப்பா செத்துப்போனார்.

இன்று அவளேதான் அவனை அழைத்திருக்கிறாள். பழைய முறைப்படி கல்லும் கயிறுமாக அவன் கடலுக்குள் இறங்கும் நிகழ்ச்சி. பிடித்திருந்தால் தங்கள் மியூசியத்தில் அவனுக்குத் தனிக் கண்காட்சி தருவதாகச் சொல்லி, ஜெர்மனியிலிருந்து வந்த மார்த்தா படகில் உட்கார்ந்திருந்தார்.

டயானா கேட்டது இரண்டே விஷயம். தம்பியையும் மனைவியின் அண்ணனையும் ஜெர்சன் கூட்டி வர வேண்டும். கரையை விட்டதிலிருந்து கேமரா நிற்காமல் ஓட வேண்டும்.

துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாகத் தெரிகிற தூரத்தில் வில்பிரட் எஞ்சினை நிறுத்தினார்.

"பழசையெல்லாம் நீ மனசுல வச்சுக்கலன்னு நெனைக்கும்போது சந்தோஷமா இருக்கு, டயானா," என்றான் ஜெர்சன், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டே.

"அத விடு. நீ அடியில இருந்து கயித்தை ஆட்டினா, மேல இருந்து இழுக்க ஒரு ஆளு வேணும். நீதான் சொல்லணும். தம்பியா, மச்சானா?"

ஜெர்சன் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். தம்பியின் தோளில் கை போட்டான். "இதுல என்ன யோசனை? உசுரு சமாச்சாரம், கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். எங்க அப்பா குளிக்கும்போதும் எங்க சித்தப்பாதான் பிடிப்பாரு."

டயானா அதை மார்த்தாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். வில்பிரட் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"அவர் ஏன் சிரிக்கிறார்?" என்று கேட்டார் மார்த்தா.

டயானா கேமராவுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். இந்தக் கரையில் முத்துக் குளிக்கிறவன் அண்ணன் தம்பி கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியோடு பிறந்தவன் கையில்தான் கொடுப்பான். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. குளிக்கிறவர் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அப்பா பதிவில் இதைத் தனியாகச் சொல்லவே இல்லை.

மார்த்தா ஜெர்சன் பக்கம் திரும்பினார். "உங்கள் அப்பாவுக்கு யார் கயிறு பிடித்ததாகச் சொன்னீர்கள்?"

ஜெர்சனின் முகம் வெளுத்தது. எங்கள் குடும்பத்தில் வேறு மாதிரி என்று ஆங்கிலத்தில் ஏதோ இழுத்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். மார்த்தா கையிலிருந்த குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

டயானாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"சரி, பேசிக்கிட்டே இருந்தா எப்படி? நான் இறங்குதேன், நிகழ்ச்சியை ஆரம்பிப்போம்," என்று ஜெர்சன் அவசரமாகக் கல்லின் மேல் கால் வைத்தான்.

"இறங்க வேண்டாம், ஜெர்சன். நிகழ்ச்சி முடிஞ்சிட்டு."