இன்னொரு தடவை சொல்லுங்க, சார்

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க!"

முன் வரிசையில் கை உயர்ந்ததுமே ஹால் முழுக்கச் சிரிப்பு.

"ஆரம்பிச்சுட்டாடா ரிப்பீட்டு!"

முதலாண்டு சமூகவியல் வகுப்பு. சினிமா தியேட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும் இருக்கைகள். அத்தனையிலும் ஆள். பேராசிரியர் போர்டில் எழுதிக்கொண்டே, போர்டோடுதான் பேசுவார். எரிச்சலோடு திரும்பினார். சொன்னதையே நிறுத்தி, நிதானமாக மறுபடியும் சொன்னார்.

ரிப்பீட்டைப் பார்த்துச் சிரிக்காதது அந்த ஹாலில் ஒரே ஒருத்திதான். பக்கத்து இருக்கை மில்லக்கா.

அதுவும் வகுப்பு வைத்த பெயர்தான். நாற்பதைத் தாண்டியவள். மில்லில் வேலை பார்த்தபோது சூப்பர்வைசரிடம் ஒரு நாள் கேட்டாள், "சத்தம் ஜாஸ்தியா இருக்கிற மெஷின்ல மட்டும் ஏன் சார் எப்பவும் பொம்பளைங்களையே நிறுத்துறீங்க?"

"அதெல்லாம் படிச்சவங்க பேசுற பேச்சு. போய் வேலையைப் பாரு" என்றார் அவர்.

மில்லை மூடினார்கள். அவள் படிக்க வந்துவிட்டாள்.

"சமூகவியலா? நீ முடிச்சுட்டு வர்ற வரைக்கும் சமூகம் தாங்குமா?" என்று கிண்டலடித்த வீட்டுக்காரர், மறுநாளிலிருந்து காலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

பரீட்சை நெருங்கிய சமயம். பாடம் பாக்கி, பேராசிரியருக்கு அவசரம். அன்றைக்கும் ரிப்பீட்டின் கை உயர்ந்தது.

"சார், இன்னொரு தடவை..."

பேராசிரியர் பொறுமை இழந்துவிட்டார். "நான் என்ன பாட்டா பாடுறேன், ஒன்ஸ் மோர் கேக்க?"

பின் வரிசைகளில் கைதட்டல்.

"சரி, இப்ப சொன்னதுல உனக்கு எதுதான் புரிஞ்சுது? நீயே சொல்லு பாக்கலாம்."

அவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தவள், பக்கத்து இருக்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"தெரியல சார்."

"அப்ப இனிமே உனக்குக் கடைசி வரிசை. வாயே திறக்கக் கூடாது. கிளம்பு!"

அவள் பையை எடுத்தாள். மில்லக்கா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், அவளை அனுப்பாதீங்க!"

சத்தமாகத்தான் வந்தது.

"எனக்குக் காது சரியாக் கேக்காது சார். மில்லுல போன காது. உங்க வாயசைவைப் பாத்துத்தான் பாடத்தைப் பிடிக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிட்டா ஒண்ணுமே கேக்காது. இந்தப் பொண்ணு புரியாம உங்களைத் திரும்பச் சொல்லச் சொல்றா பாருங்க, அதை வச்சுத்தான் நான் காலத்தை ஓட்டுறேன். வயசும் ஆச்சு, காதும் போச்சு, உங்களுக்கு எதுக்கும்மா படிப்புன்னு கேட்டுடுவீங்களோன்னு பயந்து சொல்லல. என்னை வேணா பின்னாடி அனுப்புங்க."

பேராசிரியர் கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

"உக்காருங்கம்மா. இத்தனை நாளா நான் போர்டுக்குத்தான் பாடம் நடத்திட்டிருந்திருக்கேன்." பிறகு ரிப்பீட்டைப் பார்த்தார். "நீயும் உக்காரும்மா."

அடுத்த வகுப்பிலிருந்து அவர் சட்டையில் மைக் ஏறியது. எழுதுவதை எழுதி முடித்து, திரும்பி, முகம் பார்த்துப் பேசினார். மில்லக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை தெளிவு.

ஆனால் ரிப்பீட்டு அதற்கப்புறம் கை தூக்கவே இல்லை.

மில்லக்காவுக்கு உறுத்தியது. நாம் ஊரறியப் பேசப் போய், பாவம், இந்தப் பெண்ணுக்கு வாய் அடைத்துவிட்டதே! கேன்டீனில் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"புரியலைன்னா கேளுடி. சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போறாங்க. உன்னாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். நீ ஃபெயிலாயிட்டா என் மனசு ஆறாது."

"சரிக்கா" என்று சிரித்தாள் அவள். ஆனாலும் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட்டை வகுப்பிலேயே அறிவித்தார்கள். மில்லக்கா நல்ல மார்க்கிலேயே தேறியிருந்தாள்.

"இந்தத் துறையிலேயே முதல் மதிப்பெண்..." என்று பேராசிரியர் ஒரு பெயரைச் சொல்ல, எழுந்து நின்றது ரிப்பீட்டு.

பின் வரிசைகள் எழுந்து எட்டிப் பார்த்தன.

வெளியே வந்ததும் மில்லக்கா அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். "உண்மையைச் சொல்லு. உனக்கு எல்லாமே முதல் தடவையே புரிஞ்சுதுதானே?"

அவள் மறைக்கவில்லை. "முதல் வாரம் சார் ஒரு ஜோக் சொன்னாரே, எல்லாரும் சிரிச்சு ஓஞ்சப்புறம் நீங்க சிரிச்சீங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடி!"

"நீங்களே மறைக்கிறதை நான் எப்படிக்கா உடைக்கிறது?"

"அதுக்காக இத்தனை பேர்கிட்ட மக்குன்னு பேர் வாங்குவியா?"

கேட்டுவிட்டு அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள் மில்லக்கா.

"எங்கம்மாவும் அப்படித்தான்க்கா சிரிப்பாங்க, எல்லாரும் சிரிச்சப்புறம். பாடம் காதுல விழாமலே பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவங்க. கிளாஸ் நிறையப் பிள்ளைங்க இருந்தும் ஒருத்தருக்குக்கூட அது தெரியாமப் போச்சே, அது எப்படின்னு தெரிஞ்சுக்கத்தான் நான் இந்தப் படிப்பையே எடுத்தேன்."