யானையும் பென்சில் டப்பாவும்

இயந்திரத்திடம் கொஞ்சிப் பேசுகிற பழக்கம் ஒழிகிற வரை மனித குலம் உருப்படாது.

அனிமேஷன் ஸ்டுடியோவை இழுத்து மூடிய அன்று, எல்லோரும் கடைசியாகக் கூடி நின்ற இடத்தில், அவன் இதை நாற்காலி மேல் ஏறாத குறையாக அறிவித்தான்.

போகிறவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒரு பக்கம், எட்டு வருடம் முன்பு ஸ்டுடியோவே பெருமைப்பட்டு வாங்கிப் போட்ட ராட்சதங்கள். இன்னொரு பக்கம், போன வருடம் வந்த சின்னப் பெட்டிகள்.

அவன் ராட்சதத்தை எடுத்தான். ராஜாவாகப் பிறந்தது எட்டு வயதானாலும் ராஜாதான் என்று விளக்கம் வேறு. தூக்குவதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. அதையும் அதன் தகுதியில் சேர்த்துக்கொண்டான்.

அவன் மனைவி அதே ஸ்டுடியோவில் லைட்டிங் பிரிவில் இருந்தவள். அவள் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, "வா தங்கம், வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

மனித குலம் பற்றிய அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

பத்து மாதம் ஓடிவிட்டது. இப்போது காலை பத்தேகால். பனியனோடு தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டு மூடி கழற்றிய ராட்சதத்துக்கு அவன் டேபிள் ஃபேன் வைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக்குள் இரண்டு நிமிடக் காட்சி ஒன்றை அனுப்பியாக வேண்டும். போய்ச் சேர்ந்தால் வேலை. சேராவிட்டால் வேறு யாருக்கோ வேலை. இந்தப் பத்து மாதத்தில் அவனைக் கூப்பிட்ட ஒரே இடம் அது.

காட்சிக்கு மூவாயிரம் பிரேம். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனிப் படமாக வரைந்து, வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக வைத்திருந்த தனி டிஸ்கில் அடுக்க வேண்டும். ராட்சதம் நாலு நாளாக ஒன்று, இரண்டு என்று வரிசையாக அடுக்கிக்கொண்டுதான் வந்தது. இந்த வேகத்தில் நேரத்துக்கு முடியாதே என்ற கணக்கை, ராஜா கடைசியில் பாய்வார் என்று சொல்லி அவன் தள்ளி வைத்திருந்தான். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உள்ளே மாவு மில் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார்.

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டாவது பிரேமில் சத்தம் நின்றது.

ஒயர் தீய்ந்த வாசனை வந்தது.

பட்டனை அமுக்கினான். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். உள்ளே இருந்த தூசியை ஊதினான். தூசி கண்ணில் விழுந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. ராஜாவுக்கு மூச்சுப் பேச்சில்லை.

வீட்டில் இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டர் அந்தச் சின்னப் பெட்டி. பத்து மாதமாக அவன் அதைப் பென்சில் டப்பா என்றுதான் கூப்பிடுகிறான். சத்தமே போடாத இயந்திரம் என்னத்தைக் கிழிக்கும் என்பது அவன் வாதம். அதுவும் முந்தாநாள் காலையிலிருந்து சீண்டுவாரில்லாமல் கிடந்தது. யார் யாரோ கொடுத்த பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது அவள் வேலை. இரண்டு நாளாக அதைச் சமையலறையில் உட்கார்ந்து போனிலேயே தட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்றுகூடக் கேட்டான்.

"என்ன மேடம், தங்கம் படுத்துடுச்சா?"

"ரெஸ்ட் எடுக்குது. நீ உன் யானையப் பாரு."

இதை இரண்டு நண்பர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது சமையலறையைத் தாண்டிப் போனபோது அவள் நிமிரவில்லை. காதில் இயர்போன். வலது கட்டை விரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

உள்ளறையில், துணி மடிக்கிற மேசை மேல் பெட்டி இருந்தது. மானிட்டர் கறுத்துக் கிடந்தது. பிழைத்து எழுந்தாலும் மிச்சப் பிரேம்களைப் போட அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அது அவனுக்கே தெரியும். மூழ்குகிறவனுக்குக் கணக்கு எதற்கு? ஒரு கையைப் பெட்டியின் தலையில் ஊன்றிக்கொண்டு, மறு கை விரலைப் பவர் பட்டனில் வைத்தான்.

ஊன்றிய கை சுட்டது.

அணைந்து கிடக்கிற பெட்டி சுடாது. சட்டென்று விரலை எடுத்தான். அமுக்கியிருந்தால் அது அப்போதுதான் அணைந்திருக்கும்.

மவுஸை மெல்ல அசைத்தான். மானிட்டர் விழித்தது.

திரையில் இருந்தது அவனுடைய காட்சி. மூலையில் பிரேம் எண், ஆயிரத்து எழுநூற்று எண்பது. புரியாமல் பார்த்துக்கொண்டே நின்றான். எண் மாறியது. எழுபத்தொன்பது.

பெட்டி கடைசியிலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. மூவாயிரத்தில் ஆரம்பித்து, யானையை எதிர்கொண்டு, இரண்டு நாளாக, சத்தமே போடாமல்.

முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் நிறுத்திச் சிரித்திருப்பான் என்பதுகூட.

நடுவே இன்னும் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம். மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தான், மறுபடி போட்டான். இரண்டு விடை வந்தது. ஒன்றில் பிழைத்தான்.

ஓடிப்போய் ராட்சதத்தின் முன்னாலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேரே வைத்தான்.

எழுபத்தெட்டில் எண் நின்றது. நகரவில்லை. நகரவே இல்லை.

சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். இயர்போன் காதிலேயே இருந்தது.

மேசை முன்னால் முட்டி போட்டான். அதன் தலையில், வலிக்காமல், இரண்டு தட்டு தட்டினான்.

"தங்கம்," என்றான்.