மூச்சு வாங்குமா?

"ஐயா, உங்க பொண்ணுக்கு வேலை செய்யும்போது மூச்சு வாங்குமா?"

டாக்டர் கிருபானந்தம் கேட்டதும் ஆதிநாராயணன் பக்கத்து பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தார். வருங்காலச் சம்பந்தி வரதராஜன் அங்கே உட்கார்ந்திருந்தார். தை மாதம் கல்யாணம். பெண்ணுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பாவம் மனுஷன், ரெண்டு பஸ் மாறி சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார்.

"சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கல்லு மாதிரி இருப்பா எங்க அம்சவேணி."

"மறைக்காதீங்க. குடல் முறுக்கிக்கினு இருக்குது, வயித்தைத் திறந்தாகணும். நாடி விழுந்தா சலைன் ஏத்துவோம். இருதயம் நல்லாயிருந்தா தாங்கும். இல்லேன்னா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும், உசுருக்கே ஆபத்து."

"பெத்த பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

டாக்டர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

தெரியாமல் என்ன? நாலு குடம் தண்ணீர் சேந்தினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அது வெளியே தெரிந்துதான் ரெண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அவளை யார் கட்டுவார்கள்? உயிரோடு இருந்தால்தானே கட்டுவதற்கு என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை, பாழாய்ப்போன புத்தி!

வரதராஜன் நெருங்கி உட்கார்ந்தார். "ஆந்திரா பிரியுதே, எல்லைக்கோடு எங்க விழுமோ, நாங்க மெட்ராஸோட போறமோ என்னமோ. எங்க விழுந்தாலும் அம்சவேணி எங்க வீட்டுப் பொண்ணுதான். தைரியமா இருங்க."

அதைக் கேட்டபிறகு ஆதிநாராயணனுக்கு உண்மையைச் சொல்ல வாயே வரவில்லை.

அரைமணி கழித்து நர்ஸ் ஜெபமணி ஓடி வந்தார்.

"நாடி விழுந்துடுச்சுங்க. ரெண்டு காலையும் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தோம். கால் ரத்தம் நெஞ்சுக்கு வந்தா நாடி தேறணும், தேறலை. சலைன் தாங்குமான்னு டாக்டருக்குச் சந்தேகம். கடைசியா ஒருவாட்டி கேக்கச் சொன்னாரு. மூச்சு வாங்குமா?"

வரதராஜன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா, இல்லவே இல்ல!" என்றார் ஆதிநாராயணன்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"உங்க பேச்சை நம்பி ரெண்டாவது பாட்டிலும் ஏத்தினேன். வாயில நுரை தள்ளிடுச்சு. காப்பாத்த முடியல ஐயா."

ஆதிநாராயணன் தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான்தான் கொன்னுட்டேன்! சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு மூச்சு வாங்கும் சம்பந்தி! தெரிஞ்சா கல்யாணம் நின்னுடுமேன்னு மறைச்சேன்!"

வரதராஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"எனக்குத் தெரியும் சம்பந்தி. திருமலைப் படியில மூச்சு முட்டி உக்காந்துகினு இருந்தப்பதான் என் பையன் அவளை மொதமொதல்ல பார்த்தான். தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தோம். நீங்க இல்லன்னு சொன்னதும், நாலு பேர் எதிர்ல மறுத்துப் பேசினா உங்க மானம் போயிடுமேன்னு நானும் வாயை மூடிக்கினு இருந்துட்டேன்!"