ஆக்சிலியா தேடிய பிரகாஷ்

கிட்ட வந்து உட்கார் கண்ணு, இண்டூர் ஆக்சிலியா செல்போனில் மாப்பிள்ளையைத் தேடின கதையைச் சொல்கிறேன்.

நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. முன்னாலேயே போட்டோ கொடுத்தால் கண் பட்டுவிடுமாம். பையனின் அம்மா கொடுக்கவில்லை.

வரன் கொண்டுவந்த ராயம்மாள் அத்தை, "பேரு அந்தோணி பிரகாஷ், ஊரு பாப்பிரெட்டிப்பட்டி. இதுக்கு மேல என்ன புள்ள வேணும் உனக்கு?" என்று சொல்லிவிட்டாள்.

ஆக்சிலியா அந்தப் பெயரைப் போனில் தட்டினாள்.

போனுக்கு என்ன தெரியும் பாவம், இவளுக்கு எந்தப் பிரகாஷ் வேண்டுமென்று? வகைக்கு ஒருவனாக இழுத்துவந்து நிறுத்தியது.

வெள்ளை அங்கியில் ஒரு ஃபாதர். கறுப்புக் கோட்டில் ஒரு வக்கீல். கபடிக் கோப்பையோடு ஒருவன். கண்ணீர் அஞ்சலியில் ஒரு பெரியவர். அவருக்குச் சிலுவை போட்டுவிட்டு நகர்ந்தாள்.

எல்லோருக்கும் கீழே ஒருவன். மாதா தேரைத் தோளில் சுமந்துகொண்டு, முன்பல் சந்து தெரியச் சிரிக்கிறான். ஊர் பாப்பிரெட்டிப்பட்டி.

இவன் என்றால் சரி. வேறு எவன் வந்தாலும் மாட்டேன்.

மறுநாள் வந்தார்கள். சோபா நடுவில் மாப்பிள்ளை. மடிப்புக் கலையாத சட்டை, லட்சணமான முகம். சிரித்தான்; ஒரு பல்லுக்கும் இன்னொரு பல்லுக்கும் நடுவே ஊசி நுழையாது.

காபித் தட்டு கையில் கனத்தது. முதல் டம்ளர் மாப்பிள்ளைக்கு. நீட்டிவிட்டால் பெண்ணுக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

அப்போதுதான் கதவோரம் பார்த்தாள். அவர்களின் காரை ஓட்டிவந்தவன், கையில் சாவியோடு நிற்கிறான். முன்பல்லில் அதே சந்து.

நேராகப் போய் முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள்.

"ஐயோ, மாப்பிள்ளை அங்க புள்ள! இவரு அவங்க பெரியப்பா மவன்!" என்று அத்தை பதறினாள்.

"உங்க பேரு என்னங்க?" என்றாள் ஆக்சிலியா, அவனிடமே.

"அந்தோணி பிரகாஷ்ங்க."

மாப்பிள்ளையின் அப்பா, பெரியப்பா இருவருமே தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேரை வைத்த குடும்பம் அது.

சோபாவில் ஆளுக்கு ஆள் பேசத் தொடங்க, இவன் மட்டும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"கம்பைநல்லூர் கல்யாணத்துல உங்களப் பார்த்தேங்க. எங்க வீட்டுல இவனுக்கு உங்களப் பேசறாங்கன்னு தெரிஞ்சுது. எப்படியும் பேரப் போட்டுத் தேடுவீங்கன்னு, போன வாரமே அந்தத் தேர் போட்டோவ ஏத்தி வெச்சேன்."

நீ எதைத் தேடினாலும், கண்ணு, உனக்கானது தானே உன் வீட்டு வாசலில் வந்து நிற்கட்டும்.