ஜன்னலோரத்து அணில்

அனிமேஷன் படம் செய்யும் கம்பெனியின் ஜன்னலோரம் ஒரு கொய்யா மரம். அதிலிருந்த அணிலைப் பார்த்துப் பார்த்தே, இரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டரில் ஓர் அணிலைச் செய்தார்கள். படம் வெளியானதும் காகம் தியேட்டர் வென்டிலேட்டரில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு வந்தது.

"காக்கா அண்ணே, படம் எப்படி?"

"அடேங்கப்பா! காத்தடிச்சா வால் முடி ஒவ்வொண்ணும் தனித்தனியா அசையுது. உன் கிழிஞ்ச காதைக்கூட விடல!"

அணில் ஜன்னலைப் பார்த்தது.

"என்னைக் கம்ப்யூட்டர்ல செஞ்ச அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு சோறு ஆறுறதுகூடத் தெரியாம என்னையே பார்த்துக்கிட்டிருக்கும். இப்போ திரும்பவே மாட்டேங்குது."

"மேசையில மீன்தொட்டி வச்சிருக்காங்க. அடுத்த படம் மீனைப் பத்தியாம்."



மறுநாள் காலை அணில் மரத்தடித் தண்ணீர்த் தொட்டியில் தொப்பென்று குதித்தது. ஜன்னலைப் பார்த்தபடியே நீந்தியது.