அணிந்துரைக்கு வந்த கட்டு

வாசலில் அவள் சப்பாத்தைக் கழற்றும்போதே, தோள்பைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த தாள்கட்டைப் பேரின்பநாதன் கண்டுவிட்டார். மறுகையில் கேக் பெட்டி. அணிந்துரை கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வருவார்கள்.

"வந்திட்டா இன்னொரு எழுத்தாளர்," என்று சோபாவில் இருந்த கிருபானந்தனுக்குக் கண்ணைக் காட்டினார். ஞாயிறு மத்தியானம் தன் டெப்பனர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து, பேரின்பநாதன் சிரிக்கிற இடமெல்லாம் சேர்ந்து சிரிப்பது கிருபானந்தனின் வேலை.

மொன்றியலில் தமிழில் யார் எதை அச்சடித்தாலும் அதில் பேரின்பநாதனின் அணிந்துரை இருக்கும். முப்பது வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் எழுதி அச்சடித்த ஒரேயொரு நாவல் வாங்கித்தந்த மரியாதை அது. இடப்பெயர்வில் கையிலிருந்த கடைசிப் பிரதியும் தொலைந்து, மறுபதிப்புக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்பதுதான் அவருடைய தீராத மனக்குறை. மொன்றியலில் ஒருவரும் கண்ணால் காணாத நாவல் என்பதால் குறை சொல்லவும் ஆளில்லை.

வந்தவள் பெயர் பிரியந்தி. கார்டறி ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். ஞாயிற்றுக்கிழமையில் அவர் வீடிருக்கும் இல்-பிசாருக்குப் பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"அண்ணை, எட்டு மாசமா வேலையாலை வந்து இருந்து ரைப் அடிச்சனான். இன்டர்நெற்றிலை போடப்போறம். உங்கடை ஒரு சொல்லில்லாமல் போடேலாது எண்டு அந்த இணையத்தளக்காரர் சொல்லிட்டினம். நீங்கள் ஓமெண்டு சொன்னால்..."

"ஓமெண்டு சும்மா சொல்லேலாது, பிள்ளை. தாரும் பாப்பம்."

"முதல் தாளை ஒருக்காப் பாருங்கோ அண்ணை, பேந்து..."

"முதல் தாளை எல்லாரும் வடிவா எழுதுவினம். சரக்கு இருக்கோ இல்லையோ எண்டு நடுவிலைதான் தெரியும்." கட்டை நடுவில் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கிருபானந்தனுக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"'அந்திவானம் மஞ்சள் பூசிக் குளித்து, கன்னியின் நாணம்போல் சிவந்து, விதவையின் மனம்போல் கறுத்தது.' உது வானமோ, புடவைக்கடையோ?"

கிருபானந்தன் தொடையில் தட்டிச் சிரித்தார்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி சிவநேசம் தட்டைக் கீழே வைக்காமல் நின்றாள். "இஞ்சாருங்கோ, உந்த வசனம் எங்கையோ கேட்டமாதிரிக் கிடக்கு."

"கேட்டிருப்பாய். ஒருத்தன்ரையைப் பாத்து மற்றவன் எழுதிறதுதானே இப்ப இலக்கியம். இதிலை களவும் நடந்திருக்கு!"

பிரியந்தி வாயைத் திறந்தாள். பேரின்பநாதன் கையை உயர்த்தினார். தொடங்கிவிட்டார் என்றால் அவரை நிறுத்துவதற்கு இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும்.

"இஞ்சை பாரும். புத்தகம் வெளியிட மூண்டு வழி இருக்கு. சென்னையிலை நல்லதொரு பதிப்பகம் எடுத்துப் போடவேணும். உதை அனுப்பினால், தபால்காரன் படி இறங்க முந்தியே கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்திடுவாங்கள்."

"ஓமோம்," என்றார் கிருபானந்தன்.

"அது சரிவராட்டில் சொந்தக் காசு. கோயில் ஹோலிலை விழா வைச்சு, பொன்னாடை போர்த்தி, ஆளாளைப் புகழ்ந்து கதைக்கலாம். சனம் காசு என்வலப்பைத் தந்து புத்தகத்தை வாங்கிக் கார் டிக்கியிலை எறிஞ்சுபோட்டு மறந்திடும். மிச்சம் முழுக்க உம்மடை பேஸ்மென்ரிலை கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அதுக்கும் ஒரு தகுதி வேணும், பிள்ளை."

"அண்ணை, நான் சொல்ல வந்தது..."

"பொறும். மிச்சம் இருக்கிறது இந்த இன்டர்நெற். பதிப்பகம் துரத்தினவனும் காசில்லாதவனும் வெக்கங்கெட்டவனும் கொண்டுபோய்க் கொட்டுற இடம். உதைப் போட்டால் அந்த இன்டர்நெற்றுக்கே மானம் போயிடும்!"

கிருபானந்தனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. பேரின்பநாதனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கிழமை முழுக்க ஒருவரும் தேடாத மனிதருக்கு இப்படி ஒரு மத்தியானமாவது வாய்க்கவேண்டாமா?

பிரியந்தி சிரிக்கவில்லை, அழவுமில்லை. "அவ்வளவு மோசமோ, அண்ணை?"

"எழுதின ஆளுக்குத் தமிழும் வராது, வெக்கமும் வராது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு நான் அவையளுக்கு அறிவிக்கவேணும். நீங்கள் வேண்டாமெண்டால் எல்லாத்தையும் அழிச்சுப்போடுவம்."

"நான் உயிரோடை இருக்குமட்டும் உது வெளியிலை வரக்கூடாது. போற வழியிலை றிசைக்கிள் பெட்டிக்குள்ளை போட்டிட்டுப் போம்." கொஞ்சம் யோசித்து, "கேக்கை வைச்சிட்டுப் போம்," என்றும் சொன்னார்.

பிரியந்தி தாள்களைத் தட்டி அடுக்கிப் பைக்குள் வைத்தாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவளின் கண்ணில், இவ்வளவு நேரமும் இல்லாத ஓர் இளக்காரம் தெரிந்தது.

"சரி அண்ணை. யாழ்ப்பாணத்திலை தப்பின ஒரு பிரதியைப் பாத்துத்தான் ரைப் அடிச்சனான். உங்கடை நாவல்தானே, நீங்களே வேண்டாமெண்டால் விட்டிடுவம்."